இடஞ்சுழி

முகங்களை வெட்டிவிட வேண்டும்.

மாடல் மட்டும் போதும். அதன் மேல் சிவப்பில் ஒரு கேள்வி: இதில் என்ன தவறு?

ஆசிரியர் அறையில் அவள் மட்டும் இருந்தாள். அடுத்த வகுப்பு பன்னிரண்டாம் வகுப்புக்கு. டி.என்.ஏ. பாடம்.

மற்ற படங்களை அடுக்கி முடித்திருந்தாள். ரோசலிண்ட் பிராங்க்ளினின் ஆய்வகத்தில் எடுத்த எக்ஸ்ரே படம். நடுவில் மங்கலாக ஒரு பெருக்கல் குறி. அவருக்குத் தெரியாமல் அதை வாட்சனிடம் காட்டினார்கள். வாட்சனும் கிரிக்கும் மாடல் கட்டினார்கள்.

அதற்கு முன் அவர்கள் கட்டிய முதல் மாடல் தவறு. அதையும் சேர்த்திருந்தாள். பிள்ளைகளுக்கு அது பிடிக்கும்.

கடைசிப் படம் மட்டும் அவளுடையது.

கல்லூரி கடைசி வருடம் எடுத்த செல்ஃபி. தூத்துக்குடியில், கல்லூரி லேபில். இந்தப் பக்கம் அவள். அந்தப் பக்கம் அவள் தோழி இசக்கி. நடுவில் ஆளுயர மாடல். இரண்டு பச்சை ரப்பர் டியூப், குறுக்கே நான்கு நிறத்தில் மூங்கில் குச்சிகள்.

பெயர் வைத்தது இசக்கிதான்.

"நான் வாட்சன். நீ வாயே திறக்க மாட்ட, அதனால நீ கிரிக்."

கிரிக் ஓயாமல் பேசுகிறவர் என்று அவள் படித்திருந்தாள். சொல்லவில்லை.

அந்த வாரம்தான் இசக்கிக்கு மூக்குக் குத்தியிருந்தார்கள். வலது மூக்கு சிவந்து வீங்கியிருந்தது. பெயின்ட் வாசனைக்குத் தும்மல் வரும். தும்மினா உயிரு போகுதுட்டி என்று குச்சியை எட்டப் பிடித்துக்கொண்டு வண்ணம் அடிப்பாள். இசக்கியை யாரும் சிரிக்க வைக்கக் கூடாது என்று லேபில் ஒரு சட்டம் இருந்தது. அதை மீறுகிறவள் இசக்கி மட்டும்தான்.

கீழ்ப்பலகையை இசக்கி பிடித்துக்கொண்டாள். மேல்பலகையை அவள் முறுக்கினாள்.

மெதுவாக.

ஏணியாக நின்றது சுழன்று சுழன்று மாடிப்படி ஆனது. ஸ்குரூ போட்டு நிறுத்தினார்கள்.

இசக்கி அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள்.

சென்னையில் கண்காட்சி. முதல் தேர்வு போட்டோவைப் பார்த்து. மாடல் தேர்வானால் மகளும் போகலாம் என்று இசக்கியின் அப்பா ஒருவழியாகச் சம்மதித்திருந்தார். ஒரு தடவை போய்வந்துவிட்டால் அங்கேயே எம்.எஸ்ஸி. சேரக் கேட்டுவிடலாம் என்பது இசக்கியின் திட்டம்.

வராந்தாவில் போகிற யாரையாவது எடுக்கச் சொல்லலாம் என்றாள் இசக்கி. கேட்க இவளுக்குத்தான் கூச்சம். கையை நீட்டித் தன் போனிலேயே எடுத்தாள்.

கண்காட்சிக்கும் இசக்கிக்கும் அனுப்பினாள்.

கண்காட்சியிலிருந்து பதில் மறுநாளே வந்தது. டி.என்.ஏ. வலப்புறம் சுழன்று ஏறும்; உங்கள் மாடல் இடப்புறம் சுழல்கிறது; அடிப்படைப் பிழை.

இசக்கி படித்தாள். நேராக மாடலிடம் போனாள். மேலே இருந்த ஸ்குரூவைக் கழற்றினாள்.

விர்ரென்று சுழன்று பிரிந்தது. குச்சிகள் சில தெறித்து விழுந்தன.

மறுபடி ஏணி.

"நீதானே முறுக்குன."

இசக்கி பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் குனிந்து குச்சிகளைப் பொறுக்கினாள். அவள்தான் முறுக்கினாள்.

வாட்சனும் கிரிக்கும் மறுபடி கட்டினார்கள். இவர்கள் கட்டவில்லை.

பரீட்சை வந்தது. இசக்கி ஊரிலேயே ஒரு ஷிப்பிங் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாக யாரோ சொன்னார்கள்.

இன்றும் தண்ணீர்க் குழாயைத் திருகும்போது, பாட்டில் மூடியைத் திறக்கும்போது, அவள் கை ஒரு கணம் தயங்கும். எந்தப் பக்கம்?

படத்தின் ஓரத்தில் வெட்டுக்கோடு வந்து நின்றது. வெட்டுவதற்கு முன் ஒரு தடவை பெரிதாக்கிப் பார்த்தாள்.

தும்மலை அடக்கிக்கொண்டு இசக்கி சிரிக்கிறாள். புது மூக்குத்தி. வீங்கிய இடது மூக்கு.

அவள் விரல் நின்றது.

இடது.

வருடாவருடம் வகுப்பில் சொல்கிற வரிகள்தான். வலப்புறச் சுழலை எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் வலம்தான். தலைகீழாக நிறுத்தினாலும் வலம்தான்.

கண்ணாடியில் மட்டும் இடமாகத் தெரியும்.

அந்தப் பழைய போன், செல்ஃபியைக் கண்ணாடியில் தெரிகிறபடியே சேமித்துவிடும்.

படத்தை இடவலமாகத் திருப்பினாள். மூக்குத்தி வலது மூக்குக்கு வந்தது. பச்சை டியூப் வலப்புறமாக ஏறியது. சரியாக.

மடியில் கிடந்த தன் கைகளைப் பார்த்தாள்.

பிறகு போனில் வாட்சன் என்று தேடினாள். எல்லாருக்கும் அடியில் எங்கோ இருந்தது அந்தப் பெயர். திறந்தாள். கடைசியாக அவள் அனுப்பிய அதே செல்ஃபி. அதற்குக் கீழே இசக்கியின் பதில்.

ரெண்டு பேரும் அழகா இருக்கோம்ட்டி.

மேலே, பெயருக்குப் பக்கத்தில், இசக்கி தன் படமாக வைத்திருக்கும் சின்ன வட்டம். அதில் இரண்டு முகங்கள். நடுவில் பச்சையாக ஏதோ.

அதைப் பெரிதாக்கினாள்.

அதே செல்ஃபிதான்.

மூக்குத்தி வலது மூக்கில் இருந்தது.

எப்போது திருப்பினாளோ. எத்தனை நாளாக அது அங்கே இருக்கிறதோ.

மணி அடித்தது. வராந்தாவில் பிள்ளைகளின் சத்தம்.

அவள் எழவில்லை. அந்த எண்ணை அழுத்திக் காதில் வைத்தாள். எடுத்தால் முதலில் என்ன சொல்வதென்று யோசித்தாள்.

மறுமுனையில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"கிரிக் பேசுறேன்" என்றாள்.