கரிச்சான் கேட்டது

பறவை பார்க்கத் தங்கையைக் கூட்டிவந்த பல் டாக்டருக்கு, ஏரிக்கரைச் சரிவிலேயே கார் மக்கர் பண்ணியது. சாவியைத் திருகினால் ‘கிர்ர் கிர்ர்’ என்று இருமியதோடு சரி. தள்ளியும் பார்த்தாயிற்று. சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டக்கொடுத்துவிட்டு, மெக்கானிக்குக்காக இருவரும் மரத்தடியில் காத்திருந்தார்கள்.

கிளையில் இருந்த கரிச்சான் குருவி வல்லூறு மாதிரி கத்தியது, பூனை மாதிரி கத்தியது. பிறகு ‘கிர்ர் கிர்ர்’ என்றது.

“அதுக்குள்ள நம்ம காரையும் கத்துக்கிச்சே!” தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள்.

“காதுல விழுந்ததைத்தான் சொல்லும். சொந்தமா ஒண்ணும் இட்டுக்கட்டாது,” என்றார், தானே பழக்கிவிட்டவர் போல.

“கால் கடுக்குதுண்ணா. நான் உள்ள உக்காந்துக்கறேன்.”

கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அவர் பைனாகுலரைக் கிளைப் பக்கம் திருப்பினார்.

கரிச்சான் கண்ணாடியைத் தட்டுவது போல ‘டொக் டொக்’ என்றது. அப்புறம் தங்கையின் குரலில், “கதவு தொறக்கலண்ணா... தண்ணி வருதுண்ணா...” என்றது.

அவர் திரும்பினார். கல் வைத்த இடத்திலேயே இருந்தது. காரைக் காணோம். ஏரி அலுங்காமல் கிடந்தது. கொக்குகள் நின்றது நின்றபடி நின்றன.

தலைக்கு மேலே கரிச்சான் அவருடைய குரலில் அலறத் தொடங்கியது. அவர் இன்னும் வாயே திறக்கவில்லை.