பதினேழு எழுத்து

"ஸ்டீயரிங் ராடு ஒண்ணு குடுங்கண்ணா. நாலு மணிக்கு சிங்கவரத்துப் பிள்ளைங்க எட்டு பேரும் ஸ்கூல் வாசல்ல நிக்கும்."

வேன் ஓட்டும் மீனம்பாள் கேட்டதும், செஞ்சி கடைவீதியில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் ராஜாராம் பெட்டியை எடுத்தார். ஆனால் தரவில்லை.

"சேஸிஸ் நம்பர் சொல்லு."

"வண்டிதான் கண்ணு முன்னாடி நிக்குதே?"

"ஒரே மாதிரி வண்டியிலயே நாலு விதம் இருக்குதும்மா."

வண்டியில் பொறித்திருந்த நம்பர் மேல் ஆயுத பூஜைச் சந்தனமும் குங்குமமும் அப்பிக் கிடந்தது. துடைத்தும் தெரியவில்லை. மகள் வேனில் விட்டுப்போன நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, மேலே வைத்துப் பென்சிலால் தேய்த்தாள். காசு மேல் தேய்த்தமாதிரி பதினேழு எழுத்தும் எழும்பி வந்தது.

திரும்பும்போது பக்கத்தில் நின்ற புதுக் காரின் கண்ணாடியில் கை பட்டுவிட்டது.

"கண்ணாடியில கை வெக்காதம்மா! நேத்துதான் எடுத்தேன்" என்று கத்தினார் ராஜாராம்.

'இன்னா மனுசன்!' என்று முணுமுணுத்தபடி தாளை நீட்டினாள்.

அவர் கம்ப்யூட்டரில் தட்டியதும் மீனம்பாள் வாயைப் பிளந்தாள். எந்த ஊரில் செய்தது, எந்த வருஷம், என்ன இன்ஜின், எல்லாம் வந்தது. அப்புறம் அவள் வேனே திரையில் துண்டு துண்டாகப் பிரிந்து நின்றது. ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஒரு நம்பர்!

"ஐயோ, எம் பொண்ணு ஜாதகத்துல கூட இவ்ளோ இல்லண்ணா!"

ராஜாராம் சிரித்துக்கொண்டே ஸ்டீயரிங் படத்தை அழுத்தினார். ஒரு சிவப்பு வரி வந்தது. சிரிப்பு நின்றது. பெட்டி திரும்ப அலமாரிக்குப் போனது.

"தர மாட்டேன். சாவியக் குடு."

"இன்னாது?"

அவரே சாவியைப் பிடுங்கிக்கொண்டு போனைக் காதில் வைத்தார். "வண்டி இங்கதான் நிக்குது. ஆமா, அதே நம்பர். ஏத்தினு போயிடுங்க."

மீனம்பாள் குறுக்கே வந்தாள். "ஒரு மாச டியூ கூட பாக்கி இல்லண்ணா! திருட்டு வண்டியும் இல்ல!"

அவர் கையைக் காட்டி அடக்கிவிட்டுப் பேசிக்கொண்டே இருந்தார்.

"புடிச்சுக் குடுத்தா கமிஷன் வரும்ல" என்றார் ஆயில் வாங்க வந்த பாண்டுரங்கன்.

"சாவியக் குடுய்யா! அவலூர்பேட்டையில வாங்கிக்கிறேன்!"

ராஜாராம் போனை வைத்தார்.

"கத்தாதம்மா, லைன் கெடைச்சதே பெருசு. உன் வண்டி செஞ்ச மாசத்துல வந்த வண்டிங்க எல்லாத்துலயும் ஸ்டீயரிங்கே கோளாறாம். ராடு மட்டும் மாத்தினா பத்தாது, ஓடும்போதே கழண்டுக்கும். கம்பெனியே சும்மா மாத்திக் குடுக்குது. திண்டிவனத்துல இருந்து ஆளு வருது. அதுவரைக்கும் இத ஒரு அடி நகத்தக் கூடாது."

"காலையில எட்டு பேரையும் இதுலதாண்ணா..." மீனம்பாள் வேனைத் திரும்பிப் பார்த்தாள். பாண்டுரங்கன் தரையைப் பார்த்தார்.

"நாலு மணிக்குப் பிள்ளைங்கள..."

ராஜாராம் டிராயரைத் திறந்து புதுக் கார் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"ரெண்டு நடையாக் கூட்டினு போ. பிள்ளைங்க கண்ணாடியில கை வெச்சா திட்டாத."