எண்ணெய் விட மறந்தது யார்?

"ஏலே கருத்தையா, எண்ணெய் விடச் சொன்னா எங்கல வேடிக்கை பார்த்துக்கிட்டு நின்ன?"

மேனேஜர் ஆவுடையப்பன் போட்ட சத்தத்தில் ராஜபாளையத்து மில்லே அடங்கிப் போனது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டில் ஜெர்மனியிலிருந்து வந்து இறங்கிய புது மெஷின். ஓட்டிப் பார்த்த முதல் நாளே பேரிங் வெந்துவிட்டது.

கருத்தையா தலையைக் குனிந்து நின்றான். பெண்டாட்டியைப் பிரசவத்துக்குச் சேர்த்துவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்கும் மில்லுக்கும் மூன்று நாளாக அலைகிறவன். கண்ணெல்லாம் தூக்கம். மேனேஜர் மொழிபெயர்ப்பாளர் பக்கம் திரும்பினார்.

"தேவநேசன், துரைகிட்டயே கேளும். தப்பு இவன் மேலன்னா இன்னைக்கே வீட்டுக்குப் போவட்டும்."

மெஷின் பூட்ட வந்த ஜெர்மன் துரைக்கு இங்கிலீஷ் வராது. ஜெர்மன் பாதிரிமாரின் மிஷன் பங்களாவில் அந்தப் பாஷை பேசி வளர்ந்த தேவநேசன்தான் அவருக்கு வாய்.

துரை கருத்தையாவை நோக்கிக் கையை நீட்டி, முகம் சிவக்கப் பொரிந்து தள்ளினார். கடைசியில் ஒரு வார்த்தை வந்து விழுந்தது. "ஃபெர்கெஸ்ஸன்." இவன்தான் மறந்துவிட்டான் என்கிறார்.

தேவநேசன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இவன்கிட்ட எண்ணெய் விடச் சொல்லணும்னு இருந்தாராம். சொல்ல மறந்துட்டேங்காரு."

"அதுக்கு எதுக்கு இம்புட்டுக் கோவம்?"

"தன் மேலதான் கோவமாம்."

ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு 'பொய் சொல்லாதே' என்று பாடம் நடத்துகிற மனுஷர்.

மேனேஜர் அரை மனதாகப் போனார்.

சாயங்காலம் துரை தேவநேசனைக் கூப்பிட்டார். "அந்த ஆளை ஏன் இன்னும் அனுப்பவில்லை? நீ என்ன சொன்னாய்?"

மறைக்க முடியவில்லை. சொன்ன பொய்யையும் சொன்னார், மத்தியானம் கருத்தையாவுக்குப் பெண் குழந்தை பிறந்ததையும் சொன்னார்.

துரை நோட்டை எடுத்தார். "ஃபெர்கெஸ்ஸன், தமிழில் என்ன? நடந்து முடிந்ததாகச் சொல்."

நான், நீ, அவன் என்று எல்லாவற்றுக்கும் தேவநேசன் சொல்ல, துரை எழுதிக்கொண்டார். மேனேஜரிடம் தாமே பேசப் போகிறார், கருத்தையாவோடு என் வேலையும் போச்சு என்று நினைத்துக்கொண்டே தேவநேசன் வீடு திரும்பினார்.

காலையில் மேனேஜர் மில் வாசலிலேயே நின்றார். சந்தேகம் தீரவில்லை போலும்.

"தேவநேசன், நீரு செத்த நேரம் சும்மா இரும். துரையே சொல்லட்டும்." கருத்தையாவைக் காட்டி, எண்ணெய் டப்பாவைக் காட்டி, 'யார் தப்பு?' என்பதுபோல் மேனேஜர் கையை விரித்தார்.

துரைக்குப் புரிந்தது. நோட்டைத் திறந்தார். தேவநேசன் கண்ணை மூடிக்கொண்டார்.

துரை நெஞ்சில் கையை வைத்து, எழுத்துக் கூட்டிச் சொன்னார்.

"நான்... மறந்தேன்."