நானூறு லிங்க்

கொச்சியில் எல்சம்மா நடத்தும் விடுதி, இணையத் தேடலில் முதல் பக்கத்திலிருந்து ஐந்தாம் பக்கத்துக்குப் போய்விட்டது. இரண்டு மாதமாக ஒரு விருந்தாளிகூட வரவில்லை. அவளுடைய இணையதளத்தைச் சோதித்த ஜிதின் காரணத்தைக் கண்டுபிடித்தான்.

"சேச்சி, மத்த தளங்கள்ல இருந்து லிங்க் வந்தா நல்லதுதான். ஆனா ஒரே ஆள் தன்னோட பிளாக்ல இருந்து நானூறு லிங்க் குடுத்திருக்கான். காசு குடுத்துப் போட வெச்ச மாதிரி இருக்கு. அதான் தேடல் கம்பெனி நம்மள கீழ தள்ளிடுச்சு."

"ஒரு காசும் குடுக்கல மோனே."

"அப்போ அவன்கிட்ட சொல்லி எடுக்கச் சொல்லுங்க."

"அது முடியாது."

"சரி, அவனுக்கும் நமக்கும் சம்பந்தமில்லன்னு நாமளே அந்தக் கம்பெனிக்கு எழுதி அனுப்பிடலாம். பழைய இடம் கிடைச்சாலும் கிடைக்கும். இதை அழுத்துங்க, போதும்."

எல்சம்மா மடிக்கணினியை அவன் பக்கம் மெல்லத் தள்ளினாள்.

"வேணாம். அஞ்சாம் பக்கத்துலயே கிடக்கட்டும்."

"பொழப்பே போகுது சேச்சி! அப்படி யாரு அவன்?"

"என் மகன். போன மழைக்காலத்துல பைக்ல போனவன், பொணமாத்தான் வந்தான். ஊர் ஊராப் போயி எழுதுவான். எந்த ஊரப் பத்தி எழுதினாலும் கடைசியில, 'நல்ல மீன் கறி வேணும்னா எங்கம்மாகிட்ட போங்க'ன்னு ஒரு லிங்க் போட்டுடுவான்."