விரல் நீளத் துண்டு

கூடத்தின் தரையில் உட்கார்ந்து, பொம்மை ரயில் பையிலிருந்து தண்டவாளத் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தான் என் மாஜி புருஷன்.

வீட்டுக்காரராக இருந்தவரை 'அவர்'. விவாகரத்துக்குப் பிறகு மனசுக்குள் 'அவன்'. வாயில் மட்டும் இன்னும் 'நீங்க'தான் வருகிறது. பழக்க தோஷம்.

ஒவ்வொரு துண்டின் அடியிலும் பொடி எழுத்தில் ஓர் எண் இருக்கும். அதைக் கண்ணருகே கொண்டுபோய் வாசித்து, தலையை ஆட்டி, ஓரமாக வைப்பான். நான் என்னவோ திருடி ஒளித்தவள் மாதிரி.

"எல்லாம் இருக்கு. எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க."

"என் சாமானை நான் பாத்துதான் எடுப்பேன்."

உள்ளே மகள் துணிமணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். இனிமேல் அப்பாவோடுதான் இருக்கப்போகிறாளாம். அவளோடு ரயிலும் போகிறது.

இந்த ரயிலால் வந்த வினைதான் எல்லாம்.

அவன் வீட்டை விட்டுப் போன வாரம், தடம் பிரியும் இடத்தில் இருக்கவேண்டிய விரல் நீளத் துண்டு ஒன்றைக் காணோம். அது இல்லாமல் வட்டம் கூடவில்லை. ரயில் பாதி வழி போய், பின்னாலேயே திரும்பி வரவேண்டியிருந்தது.

"நீதான் பெருக்கித் தள்ளியிருப்ப" என்றாள் மகள். அன்றைக்கு மட்டுமல்ல, நேற்றுவரை அதே பாட்டு. "இந்த வீட்டுல எதுவுமே முழுசா இருக்காது" என்று சொல்லித்தான் பெட்டியையே எடுத்தாள்.

நான் சோபாவைப் புரட்டினேன். குப்பைத்தொட்டியைக் கொட்டிக் கிளறினேன். யாரிடமும் மூச்சுவிடாமல் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் நம்பர் கேட்டார். நம்பரை நான் கண்டேனா? விரலைக் காட்டினேன்.

மூன்று தடவை வாங்கிவந்தேன். முதலாவதைப் போட்டால் இடைவெளி விழுந்தது. அடுத்ததைப் போட்டால் தண்டவாளம் புடைத்துக்கொண்டு எழுந்தது. மூன்றாவது பார்வைக்குக் கச்சிதம். ரயில் அதில் ஏறியதும் கவிழ்ந்தது.

அந்த மூன்றையும் பைக்குள்ளேயே போட்டிருந்தேன். இப்போது அவை அவன் கையில்.

ஒன்றின் எண்ணைப் படித்தான். உதட்டைப் பிதுக்கினான். மற்ற இரண்டையும் படித்துவிட்டுச் சிரித்தான். இந்தச் சிரிப்போடுதான் நான் இத்தனை வருஷம் குப்பை கொட்டினேன்.

"கண்ணளவுல வாங்கினா இப்படித்தான். அங்க சேர்றது நாலாயிரத்து நூத்திப் பதினேழு. வேற எதுவும் சேராது."

பை இன்னும் பாதிகூடக் காலியாகவில்லை. எதுவும் குறைகிறது என்று நான் அவனிடம் சொல்லவே இல்லை. அப்பா வருத்தப்படுவார் என்று மகளும் போனில் ரயில் ஜோராக ஓடுவதாகவே சொல்லிவந்தாள்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு எரிந்தது.

"எடுத்துட்டுப் போனது நீங்கதானா?"

கையிலிருந்ததை மெல்லத் தரையில் வைத்தான்.

சந்தோஷமாகவும் இருந்தது, பொய் சொல்வானேன். வசமாக மாட்டிக்கொண்டான். என் பெண் இனி எங்கும் போகமாட்டாள்.

"இங்க வாடி!" என்று உள்ளே பார்த்துக் கத்தினேன். "அந்தத் துண்டை யார் எடுத்தாங்கன்னு உங்கப்பாவையே கேளு. தன் வாயாலேயே சொல்லிட்டாரு!"

மகள் தோளில் பையோடு வந்தாள். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"தெரியும்மா. அப்பா வீட்டு டிராயர்லதான் இருக்கு. முதல் தடவை போனப்பவே பாத்துட்டேன்."

அவன் முகம் என் முகத்தைவிட அதிகமாக வெளுத்தது.

அவள் மண்டியிட்டு, தரையில் கிடந்த தண்டவாளங்களை ரயில் பைக்குள் அள்ளிப் போட்டாள். நான் வாங்கிய மூன்று துண்டுகளை மட்டும், எண்ணைத் திருப்பிப் பார்க்காமலே, என் பக்கம் ஒதுக்கி வைத்தாள்.