இடது கன்னத்து மச்சம்

மச்சம் இடம் மாறியிருந்தது.

அமுதவல்லி அதைக் கண்டுபிடித்தது அரூர் கல்யாண மண்டப வாசலில், நூற்றைம்பது பேனா அடங்கிய அட்டைப்பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அண்ணாந்து பார்த்தபோது.

பிளெக்ஸில் மரவள்ளிக்கிழங்கு மண்டி வெங்கடாசலம் வாசலையே அடைத்துக்கொண்டு சிரித்தார். இடது கன்னத்தில் மிளகு அளவு மச்சம்.

பெட்டியிலிருந்து ஒரு பேனாவை எடுத்தாள். அதே போட்டோ, அதே சிரிப்பு. மச்சம் மட்டும் வலது கன்னத்தில் இருந்தது. வகிடும் பக்கம் மாறியிருந்தது. இன்னொன்றை எடுத்தாள், அடியில் கைவிட்டு மற்றொன்றை எடுத்தாள். நூற்றைம்பதிலும் அப்படித்தான் இருக்கும் என்று தெரிந்தும் எடுத்தாள்.

வேப்பங்கட்டையைக் கடைந்து பேனாவாக்குவது அவள் புருஷன் பச்சியப்பன். அதில் படம் ஏற்றுவது அவள். படத்தாளைப் பசை தடவிக் கட்டையில் கவிழ்த்து ஒட்டிக் காயவைத்து, ஈர விரலால் தேய்த்துத் தேய்த்துத் தாளை உரித்தால், சாயம் மட்டும் மரத்தில் தங்கிவிடும். கவிழ்த்து ஒட்டுவதால் இடம் வலமாகும். அதனால் படத்தை முதலிலேயே மாற்றி அச்சடிக்க வேண்டும். பேர் போட்ட பேனாக்களில் அவள் இதை மறந்ததே இல்லை, எழுத்தே காட்டிக்கொடுத்துவிடும். இதில் வெறும் முகம். முகம் எப்படி இருந்தாலும் முகம்தானே என்று கண் ஏமாந்துவிட்டது.

வெங்கடாசலமோ திருப்பி அனுப்புவதற்கென்றே பிறந்தவர். கல்யாணப் பத்திரிகையை அச்சகத்துக்கு இரண்டு முறை திருப்பினார். அன்று காலை பூமாலையைத் திருப்பினார், ரோஜா வாடியிருக்கிறதாம். மண்டியில் தராசுக்குப் பக்கத்திலேயே கண்ணாடி மாட்டியிருப்பார். ஒரு லோடு கிழங்கு இறங்கினால் ஒரு தடவை மீசையைப் பார்ப்பார். அறுபதாம் கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கிற பேனாவிலும் தன் முகம் மட்டும் போதும் என்றுவிட்டார். பக்கத்தில் மாலையோடு உட்காரப்போகிற மனைவி குள்ளம்மாளின் முகத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அமுதவல்லியும் கேட்கவில்லை.

இந்த ஆர்டர் திரும்பி வந்தால் கடைசல் மெஷினை விற்றுவிட்டு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போவதென்று பச்சியப்பன் முடிவு செய்திருந்தான். சொன்னால் செய்கிற ஆள். இப்போது அவள் பக்கத்தில் நின்று மச்சத்தைப் பார்த்தவன், பஸ் ஸ்டாண்டு இருக்கிற திசையைப் பார்த்தான்.

ஓடிவிடலாமா என்று அவளுக்கும் தோன்றியது. அதற்குள் வெங்கடாசலம் மேடையிலிருந்து விரல் சொடுக்கிக் கூப்பிட்டுவிட்டார்.

பேனாவை வாங்கிக் கண்ணருகே கொண்டுபோனார். தள்ளிப் பிடித்தார். உருட்டினார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். அவர் பார்வை பேனாவில் இருந்த கன்னத்துக்கும் எதிரே இருந்த கன்னத்துக்கும் போய் வந்தது. போய் வந்த வேகத்தில் மந்திரத்தை மறுபடி ஆரம்பித்துவிட்டார்.

“எத்தன போட்டோ எடுத்திருக்கறேன், ஒண்ணுலயாவது நான் நானாட்டம் இருந்தனா? இந்தப் புள்ளதான்யா மூஞ்சியச் சரியாப் புடிச்சிருக்குது!” என்றார் வெங்கடாசலம்.

மாமன் மச்சான்கள் வரிசையாகப் பேனாவை வாங்கிப் பார்த்தார்கள். எல்லார் கண்ணும் மச்சத்தில் போய் நின்றது. வெங்கடாசலத்திடம் தப்பு என்று சொல்லிப் பழக்கமில்லாதவர்கள். அச்சு அசல் என்றார் ஒருவர். உயிரோட்டம் என்றார் அடுத்தவர்.

வெங்கடாசலம் அதோடு விடவில்லை. வாசலில் இருக்கிற பிளெக்ஸில் மூஞ்சி கோணலாக இருக்கிறது, உடனே கழற்றுங்கள் என்று ஆளை அனுப்பினார். ஆயுத பூஜைக்கு மண்டிக்கு வருகிறவர்களுக்கும் இதே பேனா, இதே முகம், ஒரு மயிரிழை மாறக்கூடாது என்றார். கீழே நின்ற பச்சியப்பன் அட்டைப்பெட்டியைப் பிடித்தபடி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

அமுதவல்லிக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் பட்டறை பிழைத்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பந்தியில் போய் உட்கார்ந்து இலையில் விழுந்ததையெல்லாம் சாப்பிட்டாள்.

கை கழுவுமிடத்தில் பின்னாலிருந்து யாரோ முந்தானையை இழுத்தார்கள். புதுத் தாலி, புதுப் பட்டோடு குள்ளம்மாள் நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு பேனா. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, கழுவுதொட்டிக்கு மேலே மாட்டியிருந்த கண்ணாடியை அந்தப் பேனாவாலேயே தொட்டுக் காட்டினாள்.

“கண்ணு, அவரு தெனமும் இதுக்குள்ள பாக்கற ஆளுதான் பேனாவுல இருக்குது. நான் நாப்பது வருசமா எதுத்தாப்புல பாக்கற ஆளுக்கு மச்சம் அந்தப் பக்கம். எனக்கு மட்டும் அவர வெச்சு ஒண்ணு செஞ்சு குடு.”

அமுதவல்லி கண்ணாடியைப் பார்த்தாள், பேனாவைப் பார்த்தாள். நாளைக்கே செய்து நேரில் கொண்டுவருகிறேன் என்றாள்.

குள்ளம்மாள் அவசரமாகக் கையை ஆட்டினாள்.

“வூட்டுக்குக் கொண்டாந்துடாத. தப்பா அடிச்சிருக்குதுன்னு திருப்பி அனுப்பிச்சிருவாரு.”