பை மாட்டும் கதவு

அக்கா தன் சாப்பாட்டுப் பையைத் தையல் கூடத்துப் பின்கதவின் தாழ்ப்பாளில் மாட்டுவாள். எல்லோருக்கும் அதுதான் பை மாட்டும் இடம். அந்தக் கதவு திறந்து யாரும் பார்த்ததில்லை. ஒருநாள் மதியம் தீப்பிடித்தபோது துருவேறிய அந்தத் தாழ்ப்பாளை அவளால் அசைக்க முடியவில்லை. முன்வாசல் பக்கம் இருந்த நான் பிழைத்தேன். இப்போது புதிய சட்டம் வந்து, அதே இடத்தில் சிவப்புக் கதவு நிற்கிறது. அதன் குறுக்கே ஓர் இரும்புத் தண்டு. "இனி சாவியும் இல்ல, தாழ்ப்பாளும் இல்ல. தண்டை அழுத்தினா போதும். யாராவது அழுத்திப் பாருங்கம்மா," என்கிறார் சோதிக்க வந்த தீயணைப்பு அதிகாரி. "அந்தப் பக்கம் அப்படி என்னதான் சார் இருக்கு?" என்று எட்டிப் பார்க்கிறாள் பித்தான் தைப்பவள். "ம், உன் மாமியார் வீடு!" என்கிறது பின்னாலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரிக்கிறார்கள். எனக்கும் அதைத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அழுத்துகிறேன். கைபட்டதும் திறந்துவிடுகிறது. வெளியே குறுகிய சந்து, கண் கூசும் வெயில், கொடியில் காயும் ஒரு குழந்தைச் சட்டை. இவ்வளவு பக்கத்திலா இருந்தது தெரு? "பாத்தாச்சா? மூடிடுங்கம்மா," என்று சொல்லிவிட்டு அதிகாரி கிளம்புகிறார். என் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்து நிமிர்ந்து பார்க்கிறேன். அதற்குள் அந்தத் தண்டில் யாரோ சாப்பாட்டுப் பையை மாட்டியிருக்கிறார்கள்.